வைல்ட்ஃப்ளை சர்வர்ல லாக் ஃபைல் டிஸ்க்க முழுங்குது, எத எங்க மாத்தணும்?

பாமணியாறு:

வணக்கம் எல்லாருக்கும். மன்னார்குடி பக்கம் ஒரு ரைஸ் மில்லுல ஐடி வேல பாக்குறேன், ஐடின்னா பிரிண்டர் டோனர் மாத்துறதுலேர்ந்து சர்வர் வரைக்கும் எல்லாம் நாந்தான். மில்லுக்கு ஒரு ஈஆர்பி இருக்கு, எடை மேடை, நெல் கொள்முதல், அரவை, ஸ்டாக், கணக்கு எல்லாம் அதுலதான் ஓடுது. சர்வர் மில் ஆபீஸ்லயே ஒரு ரூம்ல கெடக்கு, உபுண்டு, 8 ஜிபி ரேம், அதுல வைல்ட்ஃப்ளையும் (ஈஆர்பி ஓடுற ஜாவா சர்வர் சாஃப்ட்வேர்) போஸ்ட்கிரெஸும் (டேட்டாபேஸ்) ஒரே மெஷின்ல, டிஸ்க்கோட ஒரே பார்ட்டிஷன்ல, வெண்டார் போட்டுக் குடுத்தப்பவே அப்படித்தான் போட்டாங்க.

குறுவை நேரத்துல சமாளிச்சிடலாம், சம்பா அறுப்பு வந்துச்சுன்னா தை மாசி ரெண்டு மாசமும் சாயந்தரம் ஆரம்பிச்சு நடுராத்திரி வரைக்கும் லாரியும் டிராக்டரும் வரிசைகட்டி நிக்கும். அப்ப வைல்ட்ஃப்ளை நடக்குறத எல்லாம் எழுதி வைக்குற சர்வர்.லாக் ஃபைல் மட்டும் ஒரு நாளைக்கு 5 ஜிபி கிட்ட போகுது. போன வாரம் ராத்திரி டிஸ்க் நூறு சதவீதம் ஆகி போஸ்ட்கிரெஸ் படுத்துருச்சு, எடை சீட்டு வரல, வண்டி கேட்டத் தாண்டி மெயின் ரோடு வரைக்கும் நின்னுருச்சு, டிரைவருங்க ஆரன் அடிச்சே கொன்னுட்டாங்க, கடைசில பில் புக்குல கையால எழுதிக் குடுத்து அனுப்புனோம். வெண்டார் சப்போர்ட்டுக்கு போன் போட்டா ரிமோட்ல வந்து லாக் ஃபைல டெலீட் பண்ணிட்டு "இனிமே வாரா வாரம் நீங்களே டெலீட் பண்ணிக்கோங்க"ன்னு சொல்லிட்டு போயிட்டாரு. டெலீட் பண்ண அப்புறமும் டிஎஃப் (டிஸ்க்ல எடம் எவ்வளவுன்னு காட்டுற கமாண்ட்) அடிச்சா அதே நூறு சதவீதம்தான் காட்டுச்சு, மெஷின ரீஸ்டார்ட் பண்ண பெறகுதான் எடம் வந்துச்சு, அது ஏன்னும் புரியல.

கான்ஃபிகரேஷன் ஃபோல்டர்ல லாகிங்.ப்ராப்பர்ட்டீஸ்னு ஒரு ஃபைல் இருக்கே, அதுல லெவல (எவ்வளவு விவரமா எழுதணும்ங்குறது; ட்ரேஸ், டீபக், இன்ஃபோ, வார்ன்னு போகப் போகக் கொறையும்) மாத்தி வச்சா சர்வர் ரீஸ்டார்ட் ஆனதும் பழையபடி ஆயிடுது. ஸ்டாண்ட்அலோன்.எக்ஸ்எம்எல்ல சர்வர் ஓடிக்கிட்டு இருக்கும்போது மாத்துனா அதுவும் ஒரு நேரம் நிக்குது ஒரு நேரம் காணாம போயிடுது. இதுல இன்னொரு கூத்து, பழைய லாக்க டெலீட் பண்ண சொல்ற அதே ஆளுங்கதான் ஏதாவது எர்ரர்னு போன் பண்ணா "முந்தாநாள் லாக் அனுப்புங்க சார்"ன்னு கேக்குறாங்க. லாக்கும் இருக்கணும், டிஸ்க்கும் நிறையக் கூடாது, என்ன பண்ணலாம்? அதே லைன் சிஸ்லாக்லயும் (உபுண்டுவோட பொது லாக்) இன்னொரு தடவ விழுது, அது வேற.

குடமுருட்டி:

தம்பி, மொதல்ல அந்த டெலீட் சமாச்சாரம். லினக்ஸ்ல ஒரு ஃபைல ஒரு ப்ராசஸ் தொறந்து வச்சிருக்கும்போது ஆர்எம் (டெலீட் கமாண்ட்) அடிச்சா பேரு மட்டும்தான் போகும், ஜாவா அத விடுற வரைக்கும் உள்ள இருக்குற எடம் அப்படியே கெடக்கும். டியூ (ஃபைல் சைஸ கூட்டிக் காட்டுற கமாண்ட்) போட்டா எடம் காலியா இருக்குற மாதிரி தெரியும், டிஎஃப் போட்டா ஃபுல்லுன்னு காட்டும், இந்த ரெண்டும் ஒத்துப் போகலன்னாலே இதுதான்னு வச்சுக்க. எல்எஸ்ஓஎஃப் கமாண்ட ப்ளஸ் எல் 1 போட்டு ஓட்டுனா டெலீட் ஆகியும் பிடிச்சு வச்சிருக்குற ஃபைல் எல்லாம் வரிசையா வரும். அவசரத்துக்கு டெலீட் பண்ணாத, ட்ரங்கேட் கமாண்ட்ல சைஸ் 0 குடு, எடம் அந்த நிமிஷமே திரும்பி வந்துடும், சர்வர நிறுத்தவும் வேண்டாம்.

லாகிங்.ப்ராப்பர்ட்டீஸ கையால தொடாத. சர்வர் எந்திரிக்கும்போது லாகிங் சப்சிஸ்டம் (வைல்ட்ஃப்ளைல லாக்க கவனிக்குற பகுதி) வர்ற வரைக்கும் உள்ள கொஞ்ச நேரத்துக்குத்தான் அந்த ஃபைல். நிஜமான செட்டிங் ஸ்டாண்ட்அலோன்.எக்ஸ்எம்எல்ல லாகிங் சப்சிஸ்டத்துக்குள்ள இருக்கு, சர்வர் அதப் பாத்து ப்ராப்பர்ட்டீஸ் ஃபைல தானே திருப்பி எழுதிக்கும். எக்ஸ்எம்எல்ல ஓடும்போது மாத்துனா ஏன் காணாம போகுதுன்னு கேட்டியே, சர்வர் தன்னோட கான்ஃபிகரேஷன மெமரில வச்சிருக்கு, யாராவது அட்மின் கன்சோல்ல போயி எத மாத்தி சேவ் பண்ணாலும் மெமரில இருக்குறத அப்படியே ஃபைல் மேல எழுதிடும், நீ கையால எழுதுனது அழிஞ்சிடும். அதனால ஒண்ணு சர்வர நிறுத்திட்டு எக்ஸ்எம்எல்ல மாத்தணும், இல்ல ஜேபாஸ் சிஎல்ஐ (வைல்ட்ஃப்ளையோட கமாண்ட் டூல்) வழியா மாத்தணும். சிஎல்ஐதான் நல்லது, 9990 போர்ட்ல கனெக்ட் ஆகும், டேப் அடிச்சா அடுத்து என்ன வரணும்னு அதுவே காட்டும், லெவல் மாத்துறதுக்கெல்லாம் ரீஸ்டார்ட்டும் வேண்டாம். தொடங்குறதுக்கு முன்னாடி டேக்-ஸ்னாப்ஷாட் ஒண்ணு எடுத்துக்க, எதாவது கோணலாப் போனா ஹிஸ்டரி ஃபோல்டர்லேர்ந்து பழச எடுத்துப் போட்டுக்கலாம்.

லாக்க ஃபைல்ல எழுதுறது ஹேண்ட்லர். இப்ப உன்கிட்ட இருக்குறது பீரியாடிக் ரொட்டேட்டிங் ஹேண்ட்லரா இருக்கும், வைல்ட்ஃப்ளைல டீஃபால்ட்டே அதுதான். அது ராத்திரி 12 மணிக்கு ஃபைலுக்கு தேதி போட்டு ஒதுக்கி வைக்கும், அதோட சரி, பழசு எதையும் அழிக்காது. அழிக்க சொல்லி ஒரு செட்டிங்கே அதுல கெடையாது. பல பேரு ரொட்டேட் ஆகுதேன்னு நம்பிக்கிட்டு இருந்து மாட்டிக்கிறது இங்கதான். சைஸ் ரொட்டேட்டிங் ஹேண்ட்லர் ஒண்ணு புதுசா சேத்து, ரொட்டேட் சைஸ் 50 எம், மேக்ஸ் பேக்கப் இண்டெக்ஸ் 20 குடுத்தேன்னா மொத்தமா 1 ஜிபிக்கு கொஞ்சம் மேல, அத தாண்டவே தாண்டாது. இந்த ரெண்டு நம்பரையும் கண்டிப்பா குடுக்கணும், விட்டுட்டா டீஃபால்ட் 2 எம்பி, பேக்கப் 1, உன் மில்லு போற வேகத்துக்கு அது ஒரு நிமிஷத்துக்குக் கூட காணாது. ஹேண்ட்லர சேத்தப்புறம் ரூட் லாகர்ல (எல்லா லாக்குக்கும் பொதுவான செட்டிங்) பழச கழட்டிட்டு புதுச மாட்டு. ரெண்டும் ஒரே ஃபைல் பேருல இருக்கக் கூடாது, புதுசுக்கு வேற பேரு வையி.

பீரியாடிக் சைஸ்னு ரெண்டும் கலந்த ஒரு ஹேண்ட்லரும் இருக்கு, தேதியும் வேணும் சைஸும் வேணும்னு ஆசைப்பட்டு நெறைய பேரு அதப் போடுவாங்க. அதுல பேக்கப் இண்டெக்ஸ் அந்த ஒரு நாளுக்குள்ள மட்டும்தான், மறுநாள் ஆனா முந்தின நாளோடத அது கண்டுக்காது. அதப் போட்டா பழச அழிக்கிறதுக்கு க்ரான் (நேரம் வச்சு தானா ஓடுற வேல) நீயேதான் எழுதணும்.

நாகை உப்புக்காத்து:

அண்ணன் சொன்னது எல்லாம் சரி, ஆனா நோய விட்டுட்டு காய்ச்சலுக்கு மாத்திர குடுக்குறாரு. ஒரு நாளைக்கு 5 ஜிபி எழுதுற சர்வர்ல 1 ஜிபி கேப் போட்டா என்ன ஆகும், அஞ்சு மணி நேரத்துக்கு முன்னாடி நடந்தது எதுவும் இருக்காது. வெண்டார் முந்தாநாள் லாக் கேட்டா என்னத்த குடுப்பீங்க. டிஸ்க் தப்பிச்சுடும், லாக் வச்சிருக்குற காரணமே செத்துப் போயிடும்.

ஒரு ரைஸ் மில்லுக்கு 5 ஜிபி லாக் எதுக்குங்குறதுதான் கேள்வி. யாரோ ரூட் லாகர டீபக்ல வச்சுட்டு போயிருக்காங்க. ஒரு வயலுக்கு தண்ணி பாய்ச்ச கல்லணைய முழுசா தொறந்து விட்ட கதைதான் இது. எது எழுதுதுன்னு மொதல்ல எண்ணிப் பாருங்க. வைல்ட்ஃப்ளை லாக் லைன்ல தேதி, நேரம், லெவல், அப்புறம் சதுர அடைப்புக்குள்ள கேட்டகிரி (எந்தப் பகுதி எழுதுச்சுங்குற பேரு), அதாவது நாலாவது காலம். ஆக் கமாண்ட்ல நாலாவது காலத்த மட்டும் எடுத்து சார்ட், யூனிக் மைனஸ் சி, மறுபடி சார்ட் மைனஸ் ஆர்என், மேல இருக்குற பத்து லைன இங்க போடுங்க. பாக்காம சொல்றேன், ஹைபர்னேட்தான் (அப்ளிகேஷனுக்காக டேட்டாபேஸ கேக்குற ஜாவா லைப்ரரி) மொதல்ல நிக்கும்.

பாமணியாறு:

உப்புக்காத்து அண்ணே, நீங்க சொன்னபடியே எண்ணிப் பாத்தேன், ஹைபர்னேட்தான் முக்காவாசி. ஓஆர்ஜி.ஹைபர்னேட்.எஸ்க்யூஎல் ஒண்ணு, ஓஆர்ஜி.ஹைபர்னேட்.டைப்னு ஆரம்பிக்குறது ஒண்ணு, அது ட்ரேஸ்ல இருக்கு. அதுபோக எஸ்டிடிஅவுட்னு ஒரு கேட்டகிரியும் நெறைய வருது, அது என்னன்னே தெரியல, லெவல் இன்ஃபோன்னு போட்டிருக்கு.

லைன் இப்படி இருக்கு, தேதிய விட்டுட்டு மாதிரிக்கு ஒண்ணு:

14:12:07,318 இன்ஃபோ [எஸ்டிடிஅவுட்] (டிஃபால்ட் டாஸ்க்-14) ஹைபர்னேட்: செலக்ட் எடை0.ஐடி, எடை0.வண்டி_எண், எடை0.ரகம், எடை0.ஈரப்பதம், எடை0.மொத்த_எடை...

இதே லைன் அர செகண்ட் கழிச்சு மறுபடி, அதுக்கு அர செகண்ட் கழிச்சு மறுபடி. ராத்திரி பூரா இதேதான். கூட வர்ற ட்ரேஸ் லைன்ல நெல் ரகம் ஏடிடீ 51-ம் சிஆர் 1009-ம் மாறுறத தவிர வேற ஒண்ணும் மாறல. இன்னொண்ணு, அந்த சீட்டு அடிச்சது சாயந்தரம் 7.42-க்கு, லாக்ல 14.12-ன்னு இருக்கு.

நாகை உப்புக்காத்து:

ஆமா, எடை மேடை ஸ்கிரீன் அர செகண்டுக்கு ஒரு தடவ சர்வர்கிட்ட "எடை மாறுச்சா மாறுச்சா"ன்னு கேட்டுக்கிட்டே இருக்கு. கணக்கு போட்டுப் பாருங்க, ஒரு நாளைக்கு 86,400 செகண்ட், ரெண்டால பெருக்குனா 1,72,800 தடவ. ஒரு தடவ கேட்டதுக்கு எஸ்க்யூஎல்லும் அதோட பைண்ட் வேல்யூவும் (அதுக்குள்ள போற மதிப்பு) சேத்து 30 லைன், லைனுக்கு 150 பைட்னு வச்சா ஒரு ஸ்கிரீனுக்கே 780 எம்பி கிட்ட வருது. ரெண்டு எடை மேடை, கேட், ஈரப்பதம் பாக்குற டேபிள், ஆபீஸ், மொதலாளி ரூம்னு ஆறு ஸ்கிரீன் தொறந்து கெடந்தா உங்க 5 ஜிபி வந்துருச்சு. ராத்திரி யாரும் இல்லாதப்பவும் ஸ்கிரீன் தொறந்திருந்தா அது கேட்டுக்கிட்டேதான் இருக்கும்.

எஸ்டிடிஅவுட் என்னன்னா, அப்ளிகேஷனுக்குள்ள இருக்குற பெர்சிஸ்டென்ஸ்.எக்ஸ்எம்எல்ங்குற செட்டிங் ஃபைல்ல ஷோ எஸ்க்யூஎல் ட்ரூன்னு வச்சிருக்காங்க. அது லாகர் வழியா வராது, நேரா ஸ்டாண்டர்ட் அவுட்புட்ல துப்பும், வைல்ட்ஃப்ளை அத பிடிச்சு இன்ஃபோ லெவல்ல லாக்ல எழுதிடும். அதனால நீங்க ரூட்ட இன்ஃபோவுக்கு எறக்குனாலும் ஹைபர்னேட்ட எறக்குனாலும் இது மட்டும் நிக்காது, எல்லாம் பண்ணியும் ஏன் இன்னும் ஃபைல் வளருதுன்னு மண்டைய உடைச்சுப்பீங்க. சிஸ்லாக்ல ரெண்டாவது தடவ விழுறதும் இதோட சேந்ததுதான், கன்சோல் ஹேண்ட்லர் இன்ஃபோவும் அதுக்கு மேலயும் வெளிய தள்ளும், சிஸ்டம்டி (உபுண்டுல சர்வீஸ் எல்லாத்தையும் ஓட்டுறது) அத ஜர்னல்ல போடும், அங்கேர்ந்து சிஸ்லாக்குக்கும் போகுது.

செய்ய வேண்டியது: ரூட் லாகர் இன்ஃபோ. ஹைபர்னேட் கேட்டகிரி ரெண்டையும் வெண்டார் தனியா சேத்திருந்தா அத எடுத்துடுங்க, இல்ல வார்ன்ல வைங்க. ஷோ எஸ்க்யூஎல்ல வெண்டார்தான் அடுத்த பில்டுல ஃபால்ஸ் பண்ணணும், அதுவரைக்கும் எஸ்டிடிஅவுட்னு ஒரு லாகர் கேட்டகிரி நீங்களே சேத்து அத வார்ன்ல வச்சா வாய மூடிக்கும். வெண்டாருக்கு எடை மேடை மட்டும் டீபக்ல வேணும்னா அவங்க எடை மேடை பேக்கேஜ் பேருல ஒரு கேட்டகிரி, டீபக், அதுக்கு தனி சைஸ் ஹேண்ட்லர், யூஸ் பேரண்ட் ஹேண்ட்லர்ஸ் ஃபால்ஸ். அது எவ்வளவு வளந்தாலும் அதோட கேப்புக்குள்ள கெடக்கும், மெயின் லாக்ல ஒட்டாது. ஹேண்ட்லருக்கும் தனியா ஒரு லெவல் உண்டு, லாகர டீபக்ல வச்சும் ஒண்ணும் வரலன்னா ஹேண்ட்லர் இன்ஃபோல நிக்குதான்னு பாருங்க.

ஸ்லோவா இருக்குற க்வெரிய பாக்கணும்னுதான் எஸ்க்யூஎல் லாக் போட்டேன்னு வெண்டார் சொல்லுவாரு. அதுக்கு போஸ்ட்கிரெஸ்லயே லாக் மின் டியூரேஷன் ஸ்டேட்மெண்ட்னு இருக்கு, 500 குடுங்க, அர செகண்டுக்கு மேல எடுக்குற க்வெரி மட்டும் எழுதும், ரீலோட் போதும். வேகமா ஓடுற லட்சம் க்வெரிய எழுதி வச்சு யாரு படிக்கப் போறா.

வெட்டாறு:

ப்ரோ இதுக்கெல்லாம் லாக்க சேத்து தேடிப் பாக்குற எலாஸ்டிக்சர்ச், கிபானா போட்டுட்டா டேஷ்போர்டுல ஜம்முன்னு பாக்கலாம், இல்லன்னா லோக்கி. நான் டாக்கர்ல போட்டுத் தர்றேன் வேணும்னா.

நாகை உப்புக்காத்து:

8 ஜிபி ரேம்னு மொத போஸ்ட்லயே போட்டிருக்காரு தம்பி. எலாஸ்டிக்சர்ச் வந்து ஒக்காந்தா ஹீப்புக்கே மெமரில பாதிய எடுத்துக்கும், அப்புறம் நெல்லு எடை போட எதுல ஓட்டுறது.

வெட்டாறு:

சரி சரி ஒத்துக்கறேன் 😄 ஆனா ஒண்ணு பாத்துக்கோங்க ப்ரோ, வெண்டாரோட வார் ஃபைலுக்குள்ள (அப்ளிகேஷன் பொட்டலம்) லாக்4ஜே கோர் ஜார் (லாக் எழுதுற ஜாவா லைப்ரரி) இருக்கான்னு தொறந்து பாருங்க. 2021 டிசம்பர்ல வந்துச்சே லாக்4ஷெல்ங்குற பாதுகாப்பு ஓட்டை, சின்ன சின்ன கம்பெனி போட்டுக் குடுத்த அப்ளிகேஷன்ல இன்னும் பழைய ஜாரே கெடக்கு. 2.17.1-க்கு கீழ இருந்தா மாத்த சொல்லுங்க. வண்டி எண்ணுங்குற கட்டத்துல யாரோ அடிக்குற எழுத்து லாக்ல போயி விழுதுல்ல, அந்த ஓட்டையே அப்படித்தான், லாக் ஆகுற எழுத்து வழியா உள்ள வர்றது. அப்புறம் வாருக்குள்ளயே லாக் கான்ஃபிக் ஃபைல் வச்சிருந்தாங்கன்னா வைல்ட்ஃப்ளை அத எடுத்துக்கிட்டு உங்க சப்சிஸ்டம் செட்டிங்க அந்த அப்ளிகேஷனுக்கு மட்டும் கண்டுக்காது, யூஸ் டிப்ளாய்மெண்ட் லாகிங் கான்ஃபிக்னு ஒரு அட்ரிபியூட், டீஃபால்ட் ட்ரூ. சிஎல்ஐல மாத்தியும் ஒண்ணும் அசையலன்னா அங்க பாருங்க.

கும்மோணம் மகாமகக்குளம்:

தம்பி பாமணியாறு, நான் கும்பகோணத்துல ஆடிட்டர் ஆபீஸ்ல சிஸ்டம்ஸ் பாக்குறவ, ரெண்டு மூணு விஷயம் சொல்லணும், இவங்க யாரும் இன்னும் தொடல.

ஹைபர்னேட் பைண்ட் வேல்யூ ட்ரேஸ்ல ஓடுச்சுன்னு சொன்னீங்க. விவசாயி பேரு சேக்குற ஸ்கிரீன்ல ஆதார், பேங்க் அக்கவுண்ட் நம்பர், ஐஎஃப்எஸ்சி எல்லாம் வாங்குறீங்கல்ல, அதெல்லாம் அப்படியே லாக்ல விழுந்திருக்கும். கிரெப்ல பன்னெண்டு இலக்கம் தொடர்ச்சியா வர்ற லைன தேடிப் பாருங்க. அந்த ஃபைலத்தான் நீங்க வெண்டாருக்கு ஜிப் பண்ணி மெயில்ல அனுப்பிக்கிட்டு இருந்திருக்கீங்க. இருந்தா அந்த பழைய ஃபைல எல்லாம் தனியா எடுத்து பூட்டி வைங்க, வெண்டார்கிட்ட அவங்க கைல இருக்குறத அழிக்க சொல்லி எழுத்துல வாங்குங்க. ஆதார்ல முன்னாடி எட்டு நம்பர மறச்சு கடைசி நாலு மட்டும் காட்டுறதுதான் வழக்கம், லாக்ல அந்த நாலு கூட தேவையில்ல, விவசாயிக்கு உங்க சிஸ்டத்துல ஒரு ஐடி இருக்கும்ல, அது போதும்.

ரெண்டாவது, எத்தன நாள் வச்சிருக்கணும்னு. 2022 ஏப்ரல் 28-ல செர்ட்-இன் (மத்திய அரசோட சைபர் பாதுகாப்பு அமைப்பு) போட்ட உத்தரவுல 180 நாள் லாக் வச்சிருக்கணும்னு இருக்கு, பாடி கார்ப்பரேட்டும் அதுல வருது, உங்க மில்லு பிரைவேட் லிமிடெட்னா நீங்களும் வருவீங்க. அதுக்காக டீபக் லாக்க 180 நாள் சேத்து வைக்கணும்னு அர்த்தம் இல்ல, யாரு எப்ப எந்த ஐபிலேர்ந்து லாகின் பண்ணா, சர்வர்ல என்ன எர்ரர் வந்துச்சு, எஸ்எஸ்ஹெச்ல (ரிமோட் லாகின்) யாரு வந்தா, இந்த மாதிரி. அண்ணன் சொன்ன 1 ஜிபி சைஸ் கேப் இதுக்கு ஒத்து வராது, சைஸ் வச்சு அழிக்கிற ஹேண்ட்லர் நாள் கணக்கு பாக்காது. இன்ஃபோக்கு எறக்குன பெறகு ஒரு நாளைக்கு எவ்வளவு வருதுன்னு பாத்துட்டு தேதி வச்சு ரொட்டேட் பண்ணி, ஜிஜிப் பண்ணி, 190 நாளுக்கு மேல ஆனத ஃபைண்ட் கமாண்ட்ல அழிக்குற ஒரு க்ரான் போடுங்க.

இதையும் ஆடிட் ட்ரெயிலையும் போட்டு கொழப்பிக்காதீங்க. கம்பெனிகளுக்கு 2023 ஏப்ரல் 1-லேர்ந்து கணக்கு சாஃப்ட்வேர்ல எடிட் லாக் கட்டாயம், யாரு எந்த என்ட்ரிய எப்ப மாத்துனான்னு பதியணும், நிறுத்தவே முடியாத மாதிரி இருக்கணும், கணக்கு புக்கு மாதிரி அதையும் 8 வருஷம் வச்சிருக்கணும். அது டேட்டாபேஸ்ல டேபிளா இருக்குறது. சர்வர்.லாக் அத செய்யாது, நான் போற எடத்துல எல்லாம் ஆடிட் ட்ரெயில் எங்கன்னு கேட்டா சர்வர்.லாக்க எடுத்துக் காட்டுறாங்க.

நேரம் அஞ்சர மணி நேரம் பின்னாடி இருக்கே, மெஷின் யூடிசில (உலகப் பொது நேரம்) இருக்கு. ஜேவிஎம் ஆப்ஷன்ல யூசர்.டைம்சோன் ஏசியா/கொல்கத்தான்னு குடுத்துடுங்க, ஆனா அப்ளிகேஷன் ஏற்கனவே யூடிசின்னு நெனச்சுக்கிட்டு டேட்டாபேஸ்ல நேரம் எழுதிக்கிட்டு இருந்தா சீட்டுல நேரம் மாறிடும், அதனால வெண்டார கேக்காம பண்ணாதீங்க. அவரு ஒத்துக்கலன்னா லாக்ல யூடிசியாவே இருக்கட்டும், பேட்டர்ன்ல டைம்சோன் தெரியுற மாதிரி மட்டும் மாத்திக்கோங்க. என்டிபி சிங்க் (நெட்லேர்ந்து கடிகாரத்த சரி பண்றது) இருக்கான்னு பாருங்க, கரண்ட் போயி போயி வர்ற எடத்துல கடிகாரம் நவுந்துடும்.

குடமுருட்டி:

அக்கா சொன்னது நியாயம், 180 நாள் கணக்க நான் யோசிக்காமத்தான் சைஸ சொன்னேன். அப்ப இப்படி வச்சுக்கலாம் தம்பி, மெயின் லாக் பீரியாடிக்லயே இருக்கட்டும் க்ரான் அழிக்கட்டும், டீபக் ஃபைல் மட்டும் சைஸ் ஹேண்ட்லர்.

அண்டர்டோ (வைல்ட்ஃப்ளையோட வெப் சர்வர்) சப்சிஸ்டத்துல ஆக்ஸஸ் லாக் தொறந்து விடு, டீஃபால்ட்டா அது கெடையாது. யாரு எந்த நேரத்துல எந்த பேஜ கேட்டாங்கன்னு ஒத்த லைன்ல வந்துடும், சர்வர்.லாக்க விட அதுதான் 180 நாள் வச்சிருக்க லாயக்கு. பேட்டர்ன்ல சதவீதம் டி (%D) போட்டா எத்தன மில்லிசெகண்ட் எடுத்துச்சுன்னும் வரும், அதுக்கு லிசனர்ல ரெக்கார்ட் ரிக்வெஸ்ட் ஸ்டார்ட் டைம ட்ரூ பண்ணணும், பண்ணலன்னா அந்த எடத்துல வெறும் கோடுதான் வரும். அந்த அர செகண்ட் எடை மேடை கேள்விய மட்டும் ப்ரெடிகேட் (நிபந்தனை) போட்டு விலக்கிடு, இல்லன்னா இந்த ஃபைலும் உப்பிடும்.

அதவிட முக்கியம் எடம். லாக்கும் போஸ்ட்கிரெஸும் ஒரே பார்ட்டிஷன்ல இருக்குற வரைக்கும் எவ்வளவு செட்டிங் போட்டாலும் என்னைக்காவது மாட்டுவ. போஸ்ட்கிரெஸுக்கு வால் (WAL, டேட்டா மாற்றத்த மொதல்ல பதியுற ஃபைல்) எழுத எடம் இல்லன்னா அது பேனிக் ஆகி நின்னுடும், அன்னைக்கு உனக்கு நடந்தது அதுதான். சின்னதா ஒரு எஸ்எஸ்டி வாங்கி மாட்டி ஜேபாஸ்.சர்வர்.லாக்.டிர் ப்ராப்பர்ட்டில அந்த பாத்த குடு, வைல்ட்ஃப்ளை யூசருக்கு ஓனர்ஷிப் குடுக்க மறந்துடாத. லாக் டிஸ்க் நிறஞ்சாலும் எழுதாம போறது லாக்தான், எடை சீட்டு வரும்.

நம்ம ஊருல இதுல ஒரு சிக்கல் உண்டு. கரண்ட் போயி யூபிஎஸ்ஸும் எறங்கி திரும்ப வரும்போது ரெண்டாவது டிஸ்க் சில நேரம் மவுண்ட் ஆகாம போகும். அப்ப அந்த ஃபோல்டர் வெறுமனே ரூட் பார்ட்டிஷன்ல இருக்கும், வைல்ட்ஃப்ளை எதுவும் தெரியாத மாதிரி அங்கயே எழுத ஆரம்பிச்சிடும், பத்து நாள் கழிச்சு மறுபடி அதே ஃபுல். அதுக்கு ரெண்டு காரியம் பண்ணு. டிஸ்க்க மவுண்ட் பண்றதுக்கு முன்னாடி அந்த காலி ஃபோல்டர ரூட் ஓனர்ஷிப்ல வச்சு வேற யாரும் எழுத முடியாம பண்ணிடு. வைல்ட்ஃப்ளை சர்வீஸ் ஃபைல்ல ரிக்வயர்ஸ் மவுண்ட்ஸ் ஃபார்னு அந்த பாத்த போடு, டிஸ்க் வரலன்னா சர்வீஸ் எந்திரிக்காது.

நாகை உப்புக்காத்து:

ரெண்டாவது வேண்டாம்ணே. லாக் டிஸ்க் வரலன்னு எடை மேடைய நிறுத்துறதா, அறுப்பு நேரத்துல ராத்திரி ஒம்போது மணிக்கு இவரு வீட்டுலேர்ந்து ஓடி வரணும். மொதல்ல சொன்னது போதும், லாக் எழுத முடியாம போகட்டும், சர்வர் ஓடட்டும்.

குடமுருட்டி:

ஆக்ஸஸ் லாக் இல்லாம அறுப்பு பூரா ஓடுனா அக்கா விட மாட்டாங்க. காலைல டிஸ்க் இருக்கா, எடம் 80 சதவீதம் தாண்டுச்சான்னு பாத்து மெயில் இல்ல எஸ்எம்எஸ் அனுப்புற ஸ்கிரிப்ட் ஒண்ணு க்ரான்ல போட்டுட்டா உன் வழிக்கு நான் ஒத்துக்கறேன்.

பாமணியாறு:

எல்லாருக்கும் ரொம்ப நன்றி. நேத்து மத்தியானம் லோடு இல்லாத நேரமா பாத்து சிஎல்ஐல பண்ணிட்டேன், ரூட் இன்ஃபோ, ஹைபர்னேட் வார்ன், எஸ்டிடிஅவுட் வார்ன், எடை மேடைக்கு தனி ஃபைல். ரீஸ்டார்ட் பண்ணல, வண்டி ஒண்ணு கூட நிக்கல. இன்னைக்கு காலைல சர்வர்.லாக் 9 எம்பி இருந்துச்சு, எம்பிதான், நானே ரெண்டு தடவ பாத்தேன். அதுல ஒரு வார்னிங் தெளிவா தெரியுது, டேட்டாபேஸ் கனெக்‌ஷன் பூல் (டேட்டாபேஸோட பேச ஒதுக்கி வச்ச இணைப்புங்க) சாயந்தரம் ஏழுலேர்ந்து ஒம்போது வரைக்கும் தீந்து போகுதுன்னு. இவ்வளவு நாள் அந்த செலக்ட் குப்பைக்குள்ள இது யாரு கண்ணுலயும் படல, ஸ்கிரீன் சுத்திக்கிட்டே இருக்குன்னு கேட்ல இருக்குறவங்க சொல்றதுக்கு இதுதான் காரணமோ என்னமோ, அத தனியா ஒரு கேள்வியா போடுறேன்.

ஒரு சந்தேகம் மட்டும். வெண்டார் மறுபடி டீபக் போட சொல்லுவாரு, போட்டுட்டு மறந்துட்டும் போவாரு. லெவல் மாத்துனா ரீஸ்டார்ட் ஆனதும் தானா பழையபடி போயிடுமா?

நாகை உப்புக்காத்து:

போகாது, சிஎல்ஐல மாத்துனது எக்ஸ்எம்எல்ல எழுதிடும், அடுத்த சம்பா வரைக்கும் கூட நிக்கும். அவருகிட்ட சிஎல்ஐ பாஸ்வேர்ட குடுக்காதீங்க, நீங்களே ஒரு சின்ன ஸ்கிரிப்ட் எழுதி வைங்க, அந்த ஒரு கேட்டகிரிய டீபக்குக்கு ஏத்திட்டு, ஏட் கமாண்ட்ல அர மணி நேரம் கழிச்சு இன்ஃபோவுக்கு எறக்குற வேலைய போட்டுட்டு முடிஞ்சிடணும். அர மணி நேரத்துல அவருக்கு வேணுங்குறது கெடைக்கலன்னா மறுபடி கேட்கட்டும்.

கும்மோணம் மகாமகக்குளம்:

ஆதார் தேடிப் பாத்தீங்களா தம்பி?

பாமணியாறு:

பாத்தேன்கா. இருந்துச்சு, அக்கவுண்ட் நம்பரும் சேத்து. பழைய ஃபைல எல்லாம் ஒரு எக்ஸ்டர்னல் டிஸ்க்ல என்கிரிப்ட் பண்ணி மொதலாளி பீரோல வச்சாச்சு. வெண்டாருக்கு மெயில் போட்டேன், ஷோ எஸ்க்யூஎல்ல எடுங்க, உங்ககிட்ட இருக்குற பழைய லாக்க அழிச்சுட்டு எழுத்துல குடுங்கன்னு. மொத மெயிலுக்கு பதிலே இல்ல, மொதலாளிய சிசில போட்டு மறுபடி அனுப்புனதும் அன்னைக்கே பதில் வந்துருச்சு, அடுத்த பில்டுல பண்ணித் தர்றாங்களாம். எஸ்எஸ்டி தஞ்சாவூர்ல சொல்லியிருக்கேன், ஞாயித்துக்கிழம அரவை இல்லாதப்ப மாட்டிட்டு டிஎஃப் அவுட்புட்ட இங்க போடுறேன்.